கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் குழந்தைக்கு உண்மையிலேயே சக்தி இருக்கிறதா?

தோழியின் பத்து வயதுப் பையன் கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்கிறான், அவனை விசேஷ சக்தியோடு பிறந்த ‘இண்டிகோ குழந்தை’ என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ப வேண்டாம். அதற்காகப் பையனைத் திட்டவும் வேண்டாம்.

என் அக்கா மகளும் ஒரு பயிற்சிக்குப் போய்வந்து இதையே செய்தாள். வீடே வாயைப் பிளந்தது. எல்லாரும் கலைந்த பிறகு, “எனக்கும் சொல்லிக்கொடேன்” என்றேன். துணியை இறுக்கித்தான் கட்டினாள். முதலில் ஒரே இருட்டு. “சித்தி, கண்ணை மட்டும் கீழ இறக்குங்க, மூக்குப் பக்கமா பாருங்க” என்றாள் ரகசியமாக. மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் மெல்லிய கீற்றாக வெளிச்சம். மடியில் கிடந்த செய்தித்தாளின் தலைப்பை அட்சரம் பிசகாமல் வாசித்தேன்! மூக்கை ஒட்டிய பள்ளத்தைத் துணி முழுதாக மூடாது. மேடையில் வித்தை காட்டுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

அந்தப் பையன் தாளை எங்கே பிடிக்கிறான் என்று பாருங்கள். நெஞ்சுக்குக் கீழேதான் இருக்கும். மோவாய்க்கு அடியில் ஓர் அட்டையை நீட்டி மறைத்தால், சக்திக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

இண்டிகோ (கருநீலம்) கதை தனி. ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு நிற ஒளி தெரிகிறது என்று சொன்ன நான்சி ஆன் டாப்பே என்ற அமெரிக்கப் பெண்மணி 1970களில் கிளப்பிவிட்டது. அதற்குச் சொல்லும் அடையாளங்களைப் பாருங்கள்: பிடிவாதம், சொன்ன பேச்சு கேட்காதது, ஓரிடத்தில் உட்காராதது. இதில் சேராத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? கவனக்குறைபாடு நிஜமாகவே இருக்கும் குழந்தையை மருத்துவரிடம் காட்டாமல், ‘தெய்வப்பிறவி’ என்று விட்டுவிடுவார்களே, எனக்கு அதுதான் பயம்.

பிள்ளைகளிடம் பெரியவர்கள் ஏமாறுவது புதிதும் இல்லை. யூரி கெல்லர் என்பவர் மனோசக்தி என்று சொல்லித் தொலைக்காட்சியில் கரண்டியை வளைத்துக் காட்டிய காலத்தில், தங்களுக்கும் அது வரும் என்று பல பிள்ளைகள் கிளம்பினார்கள். 1975இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஆறு பேரைச் சோதித்தார்கள். கூட இருந்தவர் கவனம் தளர்ந்ததுபோல் காட்டிக்கொள்ள, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கம்பியைக் காலுக்கடியில் வைத்து வளைத்தாள். வேறு சிலர் இரண்டு கையாலும் வளைத்தார்கள்.

அதே நாட்டில் 1917இல் காட்டிங்லி ஊர்ச் சிறுமிகள் இருவர், ஒருத்திக்கு 16, இன்னொருத்திக்கு 9 வயது, தேவதைகளோடு படம் எடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே நம்பிவிட்டார். தேவதைகள் காகிதத்தில் வெட்டி ஊசியில் குத்தி நிறுத்தியவை என்று 1983இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய மனிதர் நம்பிய பிறகு, விளையாட்டுக்குச் செய்தோம் என்று எந்தப் பிள்ளையால் வாய் திறக்க முடியும்?

அக்கா மகளும் துணியை அவிழ்த்ததும், “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி” என்றுதான் கேட்டாள். நான் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அவளே சொன்னாள். அக்கா இரண்டு நாள் பேசாமல் இருந்தது என்னோடு.