வாசகர் கேள்வி பதில்: மந்தார நாளில் மலை சுற்ற

கேள்வி: மே மாதக் கடைசியில் அம்மாவைத் திருவண்ணாமலை கிரிவலத்துக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறேன். வயது 63, சர்க்கரை இருக்கிறது, முழங்காலும் கொஞ்சம் வலிக்கும். பௌர்ணமிக் கூட்டம் அவருக்கு ஆகாது. வானம் மூடியிருக்கிற சாதாரண நாளாகப் பார்த்துப் போகலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: தாராளமாகப் போகலாம். என்னைக் கேட்டால் அதுதான் சரியான நாள் என்பேன். பௌர்ணமியில் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் 14 கிலோமீட்டரும் நடக்க வேண்டியிருக்கும், மலையைப் பார்க்க எங்கே நேரம்! மந்தாரமான நாளில் கண் கூசாது. 2,668 அடி மலையை அண்ணாந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், பாறை மடிப்புகூடத் தெளிவாகத் தெரியும். சுற்றுவது பெரும்பாலும் தார்ச்சாலை, ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அதனால் முழங்காலைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

விடியற்காலை ஐந்து மணிக்குள் ராஜகோபுரத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். மலை எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம். மலையைச் சுற்றி வழியில் எட்டு லிங்கச் சந்நிதிகள் உண்டு, அவற்றில் இந்திர லிங்கம், அக்னி லிங்கம் தாண்டி செங்கம் சாலையில் ரமணாசிரமம் வரும், அதன் முற்றத்து இலுப்பை மரத்தடியில் அம்மாவைக் கொஞ்சம் உட்கார வையுங்கள். ரமணரே 1926 வரை அன்பர்களோடு மலை சுற்றியவர், நிறைமாத கர்ப்பிணியான அரசி நடப்பது போல நடக்க வேண்டும் என்று இங்கே சொல்வார்கள். உங்கள் அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான வேகம் கிடையாது.

செங்கம் சாலையில் வண்டி நடமாட்டம் உண்டு, ஓரமாகவே போங்கள். அதைவிட்டு வலப்பக்கம் திரும்பியபின்தான் நடை சுகப்படும். ஒவ்வொரு வளைவிலும் மலையின் உருவம் மாறும். ஒரு இடத்தில் ஒற்றைச் சிகரம், இன்னும் கொஞ்ச தூரம் போனால் இரண்டு, குபேர லிங்கத்தை ஒட்டிய பஞ்சமுக தரிசனத்தில் ஐந்து. பாதிக்குமேல் மேற்கே அடி அண்ணாமலை கோவில், பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்குச் சின்னக் கோவில். திருவெம்பாவை இந்தத் திருவண்ணாமலையில் பாடியது என்று சொல்லிப் பாருங்கள், அம்மா அங்கேயே பாட ஆரம்பித்தாலும் ஆரம்பித்துவிடுவார். கால் அதற்குமேல் ஒத்துழைக்காவிட்டால் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடுங்கள், மீதியை அடுத்த தடவை நடக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

வழியில் வரும் இடுக்குப் பிள்ளையார் கோவிலில் வெளியிலிருந்தே கும்பிடச் சொல்லுங்கள். உள்ளே குறுகலான இடுக்கில் ஒருக்களித்துப் படுத்து நகர்ந்துதான் வர வேண்டும், முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வேண்டாம்.

கேள்வி: வெறுங்காலில்தான் நடக்க வேண்டுமா? மேகம் இருந்தால் தார் சுடாதுதானே?
– அதே வாசகி

பதில்: வழக்கம் வெறுங்கால்தான். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடும் தெரியாது, கல் குத்தியதும் தெரியாது. ஆறாத புண்ணாகிவிட்டால் என்ன செய்வது? காலுக்கு நன்றாகப் பழகிய செருப்பு போட்டுக்கொண்டு போகட்டும், சந்நிதி வாசலில் கழற்றினால் போதும். நடந்து முடித்ததும் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு வரை நீங்களே ஒரு தரம் பார்த்துவிடுங்கள். மாத்திரை, ஊசி போடும் நேரத்தைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் வெறுங்காலில் நடப்பதாக இருந்தால் ஒன்பது மணிக்குமேல் சாலையோரத்து வெள்ளைக்கோட்டைப் பிடித்து நடந்து பாருங்கள். மேகம் விலகி வெயில் அடித்ததும் தார் சுள்ளென்று சுட ஆரம்பிக்கும், கோடு அவ்வளவு சுடாது. பழகியவர்கள் அதன்மேல் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். அப்புறம் ஒன்று, மந்தார நாளில் வெயில் இல்லையே என்று தண்ணீரை மறந்துவிடுகிறோம், ஆனால் புழுக்கத்தில் வியர்வை காயாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் லிங்கத்துக்கு லிங்கம் நாலு வாய் குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால்?
– வாசகர், ஆரணி

பதில்: தூறலில் தாராளமாக நடக்கலாம், மண்வாசனையோடு நடப்பது தனி சுகம். இடி கேட்டால் மட்டும் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், மண்டபமோ கடையோ நல்ல கூரையுள்ள கட்டடமாகப் பார்த்து உள்ளே போய்விடுங்கள். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் வரும். சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஆறு வயதுப் பையனோடு மலை சுற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 14 கிலோமீட்டர் அவனுக்கு அதிகம். உங்களுக்குப் பழனி பக்கம்தானே? அங்கே கிரிவலம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான், கிரிவீதியில் இப்போது தனியார் வண்டிகளையும் விடுவதில்லை. கையை விட்டுவிட்டுக்கூட அவனை நடக்கவிடலாம்.