எது தேய்க்கிறது?

அன்புள்ள ஐயா,

நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். பங்குச்சந்தை, நீர்மட்டம், கைத்தறி, தாய்மொழி எல்லாவற்றுக்கும் 'வீழ்ச்சி' என்றே தலைப்பு வைக்கிறோம். சரிவு, நலிவு, தேய்வு எல்லாம் ஒரே பொருள்தானே? தேய்பிறை, தேய்மானம் தவிர 'தேய்வு'க்கு இன்று வேலை இருக்கிறதா?

கா.

அன்புள்ள கா.,

சில நாட்களாக இந்தச் சொல்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அதைத் தொட்டுவிட்டீர்கள்.

கிலோ 60 ரூபாய் வெங்காயம் ஒரே வாரத்தில் 20க்கு வந்தால் வீழ்ச்சி. 55க்கு வந்தால் விலை குறைந்தது, அவ்வளவுதான். சரிவு இரண்டுக்கும் நடுவில். இதைப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் தேய்வுக்கு வேலை இருக்கிறதா என்று எப்படிக் கேட்டீர்கள்? எண்ணெய் தேய்க்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், துணி தேய்க்கக் கொடுக்கிறோம், அலைந்து செருப்பு தேய்கிறது. இவ்வளவு புழங்கும் சொல்லைப் பஞ்சாங்கத்திலும் கணக்குப் பேரேட்டிலும் பூட்டிவைத்தது உங்களைப் போன்றவர்கள்தான். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்கிறோம். விழுந்து கட்டெறும்பானது என்று யாரும் சொல்வதில்லையே!

'தேய்ந்தது' தன்வினை, 'தேய்த்தது' பிறவினை. ஒன்று தேய்கிறது என்றால் எது தேய்க்கிறது என்ற கேள்வி கூடவே வந்துவிடும். குறள் 567ஐப் பாருங்கள். கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் வேந்தனின் 'அடுமுரண் தேய்க்கும் அரம்'. அடுமுரண் என்றால் பகையை வெல்லும் வலிமை. வாள் இல்லை, சம்மட்டி இல்லை, அரம். அரம் இரும்பை உடைப்பதில்லை. இழுக்க இழுக்கப் பொடி உதிரும். பார்வைக்கு இரும்பு அப்படியே இருக்கும், கனம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். 555இல் துயரம் தாங்காமல் அழுதவர்களின் கண்ணீர் 'செல்வத்தைத் தேய்க்கும் படை'. இரண்டிலும் தேய்ப்பது எது என்று வள்ளுவர் பெயர் சொல்லிவிடுகிறார்.

'கைத்தறி வீழ்ச்சி' என்ற உங்கள் தலைப்பில் அது எங்கே? நூல் விலை இல்லை, விசைத்தறி இல்லை, கூலி இல்லை. தறி தானே தடுக்கி விழுந்ததுபோல் இருக்கிறது. 'கைத்தறியைத் தேய்க்கும் நூல் விலை' என்று போட்டுப் பாருங்கள். எவ்வளவு ஏறியது, எப்போது ஏறியது என்று அடுத்த வரியில் நீங்களே எழுதியாக வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சித்தான் 'வீழ்ச்சி'யில் ஒதுங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

தாய்மொழிக்கு மட்டும் தேய்வு வேண்டாம். 'போகவேண்டும்' பேச்சில் 'போகணும்' ஆவதுதான் தேய்வு. நாக்கில் புரண்டால்தான் சொல் அப்படித் தேயும். பேசாமல் விடப்பட்ட மொழிக்கு 'நலிவு' என்று போடுங்கள்.

நல்ல கேள்வி கேட்கத் தெரிந்திருக்கிறது உங்களுக்கு. கைத்தறித் தலைப்பை மாற்றி எழுதி எனக்கு அனுப்புங்கள்.