எம்பி 40 மேகசின் பவுச்: கேட்டவர்களுக்குப் பதில்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் சப்மெஷின் கன் எம்பி 40-இன் மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் பொருத்தும் பெட்டி) வைத்து இடுப்பு வாரில் மாட்டும் பைகளான பவுச்சுகளை நான் சேர்ப்பது தெரிந்து பலர் கேட்டவற்றில் சில.

கேள்வி: இரண்டு பவுச்சை "ஜோடி" என்று விற்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பவுச்சிலும் மூன்று அறை, அறைக்கு ஒரு மேகசின், மேகசினுக்கு 32 தோட்டா. இடுப்பு வாரைக் கோக்கும் பட்டைகள் பின்னால் சாய்வாகத் தைக்கப்பட்டிருக்கும். நீள மேகசின் நேராகத் தொங்கினால் உட்காரும்போது தொடையில் இடிக்குமே! ஜோடி என்றால் இடுப்பின் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. இடது பவுச்சில் பட்டை ஒரு பக்கம் சாய்ந்தால் வலதில் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். இதைப் பார்க்காமல் நானே ஒருமுறை இரண்டு வலது பவுச்சை வாங்கிவந்தேன். இன்னும் அலமாரியில் கிடக்கின்றன, ஜோடி சேராமல்.

கேள்வி: இடது பவுச்சின் பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பை எதற்கு?

லோடர் வைக்க, அதாவது மேகசினுக்குள் தோட்டாவை அமுக்கி ஏற்ற உதவும் கருவி. மேகசினுக்குள் இரண்டு வரிசையாக நிற்கும் தோட்டாக்கள் வாய்ப்பக்கம் ஒரே வரிசையாகக் குறுகிவிடும். கடைசிச் சிலவற்றை அமுக்கி ஏற்றுவதற்குள் கட்டைவிரல் கன்றிப்போகும். லோடரும் சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: புற ஊதா டார்ச் அடித்தால் போலி தெரிந்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. இப்போதைய நூலிலும் துணியிலும் சேர்க்கும் வெளுப்பூட்டிகள் அந்த ஒளியில் நீலமாக மின்னும், பழைய பருத்தி நூல் மங்கலாகவே கிடக்கும். ஆனால் யாராவது சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அசலும் மின்னும். மின்னாததெல்லாம் அசலும் இல்லை, வெளுப்பூட்டாத நூல் இன்றும் கிடைக்கிறது. நான் முதலில் தேய்மானத்தைத்தான் பார்ப்பேன். வார் உரசும் பட்டை புதிதாக இருந்து, முன்பக்கம் மட்டும் அழுக்கேறியிருந்தால் பழசாகக் காட்ட யாரோ தேநீரில் ஊறவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: அழுக்கைத் துவைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறியீடும் ஆண்டும் மையில் குத்தப்பட்டிருந்தால் அதுவும் போய்விடும். மென்மையான பிரஷ் போதும். தோல் பாகத்தில் எண்ணெயும் தடவாதீர்கள், கறுத்துவிடும்.

கேள்வி: "ஸ்மைசர் பவுச்" என்பது வேறா?

இதேதான். ஜெர்மன் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஹூகோ ஸ்மைசர் இந்தத் துப்பாக்கியை வடிவமைக்கவில்லை. மேகசினுக்கான காப்புரிமை அவருடையது, பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: மேகசினோடு சேர்த்து இந்தியாவுக்கு வரவழைக்கலாமா?

பவுச் வெறும் கான்வாஸ். மேகசின் அப்படியில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். வழக்கறிஞரிடம் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். அறையின் வடிவம் குலையாமல் இருக்க, நான் மேகசின் அளவுக்கு மரக்கட்டை சீவி உள்ளே வைத்திருக்கிறேன். துருப்பிடிக்கும் கவலையும் இல்லை.