அம்மாவை ஊரை விட்டுப் பெயர்க்க வேண்டாம்

வணக்கம் அண்ணே. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 76 வயது அம்மா தனியாக இருக்கிறார், இருபக்கமும் பூட்டிய வீடுகள், சென்னைக்கு வர மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் அங்கேயே இருக்கட்டும். தெருவை அவர் பக்கம் கொண்டுவரப் பாருங்கள்.

முதலில் படுக்கையை முகப்புக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். நம் வீடுகள் ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீளம். பின்கட்டில் விழுந்தால் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. வாசல்படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பியும் வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னுவார். பனை ஓலையை ஈரத்துணியில் சுற்றி மடிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு ஓலை கேட்டுச் சுற்றி உட்கார்ந்துவிடும். ஒருநாள் திண்ணை காலி. உள்ளே ஓடிப் பார்த்தது ஒரு பிள்ளைதான். ஆச்சி காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். அம்மாவுக்கும் அப்படி ஒரு திண்ணை நேரம் அமைய வேண்டும், அண்ணே.

அப்புறம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567ஐப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு சாவி எதிர்வீட்டில் இருக்கட்டும்.