அணைந்த கம்பியும் அருகிலிருக்கும் வைக்கோல் போரும்

கேள்வி: எங்கள் வீட்டு வாசலை ஒட்டியே மாட்டுக் கொட்டகையும் வைக்கோல் போரும் இருக்கின்றன. சென்ற தீபாவளியன்று, அணைந்து கிடந்த மத்தாப்புக் கம்பியை என் ஏழு வயதுப் பேரன் வெறுங்காலால் மிதித்துவிட்டான். அக்கம்பக்கத்தார் சொன்னபடி பற்பசை தடவினோம். புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. இந்த ஆண்டு நாங்கள் எப்படி எச்சரிக்கையாக இருப்பது?
– ஒரு வாசகி, பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்

பதில்: அம்மா, கம்பி மத்தாப்பு எரியும்போது அதன் சூடு 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடும். பொறி நின்றதும் வெளிச்சம் போய்விடுகிறதே தவிர, கம்பியில் ஏறிய சூடு உடனே இறங்குவதில்லை. இருட்டில் தரையோடு தரையாகக் கிடக்கும் அந்தக் கரிய கம்பி குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. ஆகவே முதல் மத்தாப்பைக் கொளுத்துவதற்கு முன்பே, ஒரு பழைய வாளியில் பாதியளவு தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். எரிந்த கம்பியை யாரும் கீழே போடாமல் நேராக அதில் போட வேண்டும். "சுர்ரென்று சத்தம் கேட்டால்தான் மத்தாப்பு முடிந்தது" என்று பேரனிடம் சொல்லிவையுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவன் மறக்காமல் செய்வான். காலில் செருப்பும் உடம்பில் பருத்தி உடையும் இருக்கட்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வைக்கோல் போர். போரை நகர்த்த முடியாது என்பதால் பட்டாசைத்தான் நகர்த்த வேண்டும். காய்ந்த சருகோ தட்டோ இல்லாத திறந்த களத்துக்குப் போய் வெடியுங்கள். ராக்கெட் எங்கே போய் விழும் என்பது விடுபவர் கையில் இல்லையாதலால், கூரைக் கொட்டகையும் போரும் உள்ள ஊரில் அதை வாங்காமலிருப்பதே நல்லது. மாடுகளை வெடிச் சத்தம் எட்டாத பக்கமாக முன்னதாகவே மாற்றிக் கட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளாகத் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் மட்டுமே வெடிக்க அனுமதி தரப்படுவதால், அந்த நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் உடனிருப்பது கடினமாக இராது.

திரி எரிந்தும் வெடிக்காத வெடியைக் குனிந்து பார்ப்பதும், மறுபடி பற்றவைப்பதும் கூடவே கூடாது. வெகுநேரம் கழித்து, எட்ட நின்று தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் பிள்ளைகள் பொறுக்குவதும் இந்த வெடிகளைத்தான் என்பதால், இரவே வாசலைக் கூட்டிவிடுவது அவசியம்.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டுவிட்டால், குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் அந்த இடத்தை 20 நிமிடம் விடாமல் காட்டுங்கள். கொலுசு, மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பற்பசை, பேனா மை, மஞ்சள், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். பூசிய பற்பசை சூட்டை உள்ளேயே நிறுத்திவிடுவதோடு, புண்ணின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாதபடி மறைத்தும் விடுகிறது. பொறி கண்ணில் பட்டிருந்தால் கசக்கவோ சொட்டு மருந்து விடவோ செய்யாமல், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.