எந்நேரமும் குத்துப்பாட்டு வீடியோ... மகளை எப்படித் திருத்துவது?

அன்புள்ள மேடம்,

எனக்கு 41 வயது. 13 வயது மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போனை எடுத்தால் பாட்டு வீடியோதான், அதுவும் குத்துப்பாட்டு. ஹீரோ கழுத்துவரை பட்டன் போட்டு நிற்கிறார். சுற்றி நிற்கும் பெண்கள் அரைகுறை உடையில் இடுப்பை ஆட்டுகிறார்கள். கேமராவும் அங்கேயேதான் போகிறது. நாங்களும் பாட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே? வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ வீட்டோடு உட்கார்ந்து பார்த்தோம்.

கணவரிடம் சொன்னால், “பாட்டுதானே, விடு” என்கிறார். அவரே டிவியில் அதே பாட்டைச் சத்தமாக வைக்கிறார். பள்ளி ஆண்டு விழாவிலும் அதே பாட்டு. கேட்டால், “பிள்ளைங்க விருப்பம்” என்கிறார்கள். யாருக்குமே இது தப்பாகத் தெரியவில்லையா?

போனைப் பிடுங்கினால் பாட்டி போனில் பார்க்கிறாள். கண்ணாடி முன்னால் ஆடிக்கொண்டிருந்தவளை ஒருநாள், “உன் உடம்புக்கு இதெல்லாம் நல்லாவா இருக்கு?” என்று அதட்டினேன். அதோடு ஆடுவதை விட்டாள், அந்த மட்டில் நிம்மதி. பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ராத்திரி “பசிக்கல” என்று தட்டைத் தள்ளுகிறாள், இந்த வெயிலிலும் யூனிஃபார்ம் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறாள், எல்லாம் போன் மயக்கம். இடுப்பாட்டத்தைக் காட்டியே சம்பாதிக்கிறார்களே, சென்சார் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? இவளை எப்படித் திருத்துவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

தணிக்கைச் சான்றிதழ் தியேட்டருக்குப் போகும் படத்துக்கு. யூடியூபுக்கு நேராக வரும் வீடியோவுக்கு அது கிடையாது. அந்தக் கேமராவைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது, தட்டும் ஸ்வெட்டரும் போகிறபோக்கில் வரும் அந்த ஒரு வரி. வெயிலில் ஸ்வெட்டர் போடுகிற பெண் எதையோ மறைக்கிறாள். அதோடு ராத்திரிச் சாப்பாடும் நின்றால், அவளுக்குத் தன் உடம்பே பிடிக்காமல் போயிருக்கலாம்.

தன் உடம்பை வெளியே நின்று பார்க்கிறவள் போலவே பார்க்கப் பெண் பழகிவிடுகிறாள் என்று பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. கண்ணாடி வைத்த தனியறையில் மாணவிகள் சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். அதை அணிந்தபடியே கணக்குத் தேர்வு. நீச்சலுடை போட்டவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. ஆண்களுக்கு அப்படி ஆகவில்லை. உடம்பை நினைத்துக் கூசிய பெண்கள், கொடுத்த தின்பண்டத்தையும் குறைவாகவே தொட்டார்கள். அறையில் அவர்களைப் பார்க்க யாருமே இல்லை.

இனி நான் சொல்வது உங்களுக்குக் கசக்கும். வீடியோ உங்கள் மகளின் உடம்பை அளந்தது. “உன் உடம்புக்கு நல்லாவா இருக்கு” என்று நீங்களும் அதையேதான் அளந்தீர்கள். ஆடுவதை விட்டதில் உங்களுக்கு நிம்மதி. எனக்கு அதுதான் கவலை. ஆடும்போது மூச்சு வாங்கும், வியர்க்கும், தாளம் காலில் ஏறும். அப்போது உடம்பு அவளுடையது. இப்போது ஆடாமல் பார்க்க மட்டும் செய்கிறாள், அடுத்தவள் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒப்பிட்டபடி.

போனைத் திருப்பிக் கொடுங்கள். அவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை அவளே எடுக்கட்டும். முதலில் முழுதாகக் கேளுங்கள். பிறகு சத்தத்தை அணைத்து, வேகத்தை 0.5 ஆக்கி, ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் முகம் இருக்கிறதா, முகமில்லாத இடுப்பா என்று அவள் எண்ணட்டும். ஹீரோவின் தலையை வெட்டிய ஷாட் எத்தனை என்றும் கேளுங்கள். எடுக்கும் விதத்தையும் பேசுங்கள். மெதுவாக அசையும் ஷாட்டை நொடிக்கு 48 ஃபிரேமில், அதாவது 48 தனிப்படங்களாக எடுத்து 24இல் ஓட்டுவார்கள், அசைவு பாதி வேகத்தில் தெரியும். உதடசைவு பொருந்த, செட்டில் பாட்டையே இரு மடங்கு வேகத்தில் ஒலிக்க விடுவார்கள். தாழ்த்தி வைத்த கேமரா காலை நீளமாக்கும். தோலை வழவழப்பாக்குவது எடிட்டிங் மேசையில். திரையில் தெரியும் அந்த உடம்பு அந்த நடிகைக்கே கிடையாது.

இது எங்கே கெட்டுப்போகும் தெரியுமா? “பார்த்தியா அசிங்கத்தை” என்று நீங்கள் வாயெடுத்த இடத்தில். ஆடுகிற பெண்கள் வேலைக்கு வந்தவர்கள், கேமரா கோணத்தை அவர்கள் வைக்கவில்லை. நீங்கள் அவர்களைச் சொல்லும் சொல், கண்ணாடி முன்னால் ஆடிய உங்கள் பிள்ளைமேல்தான் விழும். கணவரிடமும் பாட்டைப் பற்றிச் சண்டை வேண்டாம். மகள் சாப்பிடாததைச் சொல்லுங்கள். வீட்டில் யார் வாயிலும், விருந்துக்கு வரும் அத்தை வாயிலும்கூட, “குண்டு”, “கறுத்துட்டா” என்ற பேச்சு வரக்கூடாது.

தனியாக இருக்கும்போது கேளுங்கள்: “ஸ்கூல்லயோ பஸ்லயோ யாராவது உன்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா, தொட்டாங்களா?” பதில் உடனே வராது, துருவாதீர்கள். ஸ்வெட்டர் கைக்குள் கீறல் காயம் இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும், ஆனால் இழுத்துப் பார்க்காதீர்கள். தொந்தரவு நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எடையை அவர் பார்க்கட்டும், வீட்டில் பார்க்க வேண்டாம். தலைசுற்றல் உண்டா, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போகிறாளா, மாதவிலக்கு தொடர்ந்து 3 மாதம் வராமல் இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். காயமோ மயக்கமோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.