நாமா, நாங்களா?

அன்புள்ள ஐயா,

நான் கடலூர்க்காரன். தனியார் கம்பெனி ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பையன்கள் பதினெட்டுப் பேருக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் 14 வயதுக்குள். போன மாதம் ஒரு வெளியூர் டீமிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் பெற்றோர்கள் சூழ்ந்துகொண்டார்கள். என் வாயில் வந்தது டிவியில் மேனேஜர்கள், அதாவது வெளிநாட்டு கிளப்புகளின் தலைமைக் கோச்சுகள், பேசும் பேச்சுதான். "பசங்க முழுசாக் குடுத்தாங்க, நமக்கும் சான்ஸ் கிடைச்சுது, பாசிட்டிவா எடுத்துக்கணும்" என்றேன். ஒரு பையனின் அப்பா, "டிவில பேசுற மாதிரி பேசாதீங்க தம்பி. அஞ்சு கோல் எப்படி விழுந்துச்சு, அதச் சொல்லுங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து மேட்ச் பார்க்கிறவன் நான். தோற்றுப்போன மேனேஜர் பேசுவதைக் கேட்டால் எனக்கும் அதே எரிச்சல்தான் வருகிறது. ஏன் இப்படி வழுக்கிக்கொண்டே போகிறார்கள்? ஆட்டக்காரர்களை எல்லார் முன்னாலும் கிழிக்கிற மேனேஜர்தான் எனக்குப் பிடிக்கிறது. என் எண்ணம் தவறா?

வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள தம்பி,

அந்த அப்பா கேட்டது சரியான கேள்வி. நீங்கள் அதை மறக்காமல் எனக்கு எழுதியது அதைவிட நல்ல விஷயம்.

வழுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. விசில் ஊதிச் சில நிமிடங்களில், விளம்பரதாரர் பெயர்கள் அச்சடித்த பலகைக்கு முன்னால் மேனேஜரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். ஒளிபரப்பு ஒப்பந்தம் அப்படி. அவர் சொல்வதை ரசிகர் மட்டுமா கேட்கிறார்? உள்ளே சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர்கள் கேட்கிறார்கள், கிளப் முதலாளி கேட்கிறார். ரெஃப்ரியைப் பற்றி ஒரு வார்த்தை கூடிப்போனால் அபராதம் போட கால்பந்துச் சங்கம் காத்திருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன், தன் மகனைப் பற்றி பிபிசி காட்டிய ஒரு நிகழ்ச்சியால் கோபப்பட்டு, 2004 முதல் 2011 வரை பிபிசிக்குப் பேட்டியே கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆளால் அது முடிந்தது. மற்றவர்கள் வந்து நின்றுதான் ஆகவேண்டும். இவ்வளவு காதுகளுக்கும் சேர்த்து ஒருவர் பேசினால் யாருக்கும் உறைக்காத பேச்சுதான் வரும்.

ஆனால் இது பாதிக் காரணம்தான். மீதியைச் சொல்ல நான் புதுச்சேரிக்கு வரவேண்டும்.

குருசுக்குப்பத்தில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரான்ஸ் ஆடினால் வாசல் கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். 2008 ஐரோப்பியக் கோப்பையில் பிரான்சுக்குக் கடைசி குரூப் ஆட்டம் இத்தாலியோடு. நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித் தொடங்கியது. பத்து நிமிடத்துக்குள் பிரான்சின் ரிபெரியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அப்புறம் பிரான்சின் அபிடாலுக்குச் சிவப்பு அட்டை, அதிலேயே பெனால்டி, இத்தாலியின் பிர்லோ அடித்தார். இரண்டாவது பாதியில் இத்தாலியின் டி ரோஸ்ஸி அடித்த ஃப்ரீ கிக் பிரான்சின் ஆன்ரியின் காலில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. 0-2. குரூப்பில் கடைசி இடம். தாத்தா ஒன்றும் பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பாரீசிலிருந்து மகன் போன் செய்தார். அங்கே டிவியில் பிரான்ஸ் அணியின் கோச் ரேமோன் தொமெனெக் பேட்டி கொடுத்திருக்கிறார். இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, தனக்கு இப்போது இருக்கும் ஒரே திட்டம் எஸ்தெலைக் கல்யாணம் செய்துகொள்வதுதான் என்று சொல்லி, அங்கேயே, நேரலையில், தன் தோழியிடம் சம்மதம் கேட்டுவிட்டார். தாத்தா போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்தபடியே எங்களைப் பார்த்து, "எழவு வீட்டுல வந்து பத்திரிகை வெக்கிறான்டா" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கோபம் குறைவு. ஒதுக்கப்பட்டவனின் குரல் அது.

தொமெனெக் பொய் சொல்லவில்லை. வழுக்கவும் இல்லை. மனதில் இருந்ததை அப்படியே சொன்னார். அவர் மனதில் நாங்கள் இல்லை, அதுதான் வலித்தது. நடுராத்திரியில் விழித்திருந்து பார்த்த எங்களுக்கு அவர் பேச்சில் ஒரு ஓரமாகக்கூட இடமில்லை.

நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் அந்த மேனேஜர்கள் 'தோற்றோம்' என்று சொல்லும்போது நான் மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்ப்பேன், இவர் நாம் என்கிறாரா, நாங்கள் என்கிறாரா என்று. ரசிகருக்குக் கேட்கவேண்டியது நாம். அவரால் பந்தைத் தொட முடியாது, ஆளை மாற்ற முடியாது. அந்த ஒரு சொல்லில் இடம் கிடைத்தால்தான் அவரும் டீமில் இருக்கிறார்.

யூர்கன் க்ளாப் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு மேனேஜராக வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2015 நவம்பர் 8, சொந்த மைதானத்தில் கிரிஸ்டல் பேலஸிடம் 1-2. 82ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோல் விழுந்ததும் ஜனங்கள் எழுந்து வெளியே போகத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்து பேசும்போது க்ளாப் அதை மறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், ரொம்பத் தனியாக உணர்ந்தேன் என்றார். ரசிகரைக் குறைசொல்லும் பேச்சாக அது முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்தபடியாக, கடைசி விசிலுக்கு முன்னால் ஒருவரும் எழுந்து போக முடியாதபடி ஆடவேண்டிய பொறுப்பு எங்களுடையது என்றும் சொன்னார். பொறுப்புக்கு நாங்கள், நம்பிக்கைக்கு நாம்! ஐந்து வாரம் கழித்து வெஸ்ட் ப்ராமோடு கூடுதல் நிமிடங்களில் லிவர்பூலின் ஒரிகி கோல் போட்டு 2-2 ஆனது. க்ளாப் ஆட்டக்காரர்கள் எல்லாரையும் கைகோர்க்க வைத்து ரசிகர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு டிராவுக்கு இவ்வளவா என்று பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக நின்றேன் என்று சொன்ன ஆள் கூட்டத்தைத் தேடிப் போகிறார் என்றுதான் தோன்றியது.

இன்னொரு பக்கம் மொரின்யோ. 2018 ஆகஸ்டில் அவர் மேனேஜராக இருந்த மான்செஸ்டர் யுனைடெட் சொந்த மைதானத்தில் டாட்டனமிடம் 0-3. அவ்வளவு மோசமாகத் தோற்றும் ஒரு கூட்டம் கலையாமல் நின்று அவருக்காகக் கைதட்டியது, அவரும் அங்கே போய்ப் பதிலுக்குக் கைதட்டினார். அதற்கப்புறம் பத்திரிகையாளர்கள் முன்னால் மூன்று விரலைக் காட்டினார். மூன்று கோல் மட்டுமில்லை, நான் ஜெயித்த மூன்று பிரீமியர் லீக்கும் இதுதான், மற்ற 19 மேனேஜர்களும் சேர்ந்தாலும் அவ்வளவு இல்லை, எனக்கு மரியாதை கொடுங்கள் என்றார். பிரீமியர் லீக் என்பது இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டி; அந்த மூன்று கோப்பையும் அவர் முன்பு இருந்த செல்சி கிளப்பில் ஜெயித்தவை. சற்றுமுன் நின்று கைதட்டிய ஜனத்துக்கு அதில் என்ன இருக்கிறது?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிழிக்கிற மேனேஜரைப் பிடிக்கிறது என்கிறீர்கள். 2023 மார்ச்சில் டாட்டனம் மேனேஜர் கான்டே, சவுத்தாம்ப்டனோடு 3-1 முன்னிலையை விட்டு 3-3 ஆனதும், தன் ஆட்டக்காரர்களைச் சுயநலக்காரர்கள் என்றே சொன்னார். பல ரசிகர்களுக்குக் கேட்கத் திருப்தியாக இருந்திருக்கும், நமக்கும் அப்படித்தானே தோன்றியது என்று. ஆனால் அந்தப் பேச்சு முழுக்க 'அவர்கள்'. அந்த மாதம் முடிவதற்குள் அவர் கிளப்பில் இல்லை. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். தானும் அதில் ஒரு பங்கு என்று சொல்லாத உண்மையைக் கேட்டு ஒரு டீம் திருந்தும் என்று நான் நம்பவில்லை. உங்களிடம் இருப்பவர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். அப்பா அம்மா முன்னால் பெயர் சொல்லிக் கிழித்துவிட்டால் அடுத்த ஞாயிறு அந்தப் பையன் வரமாட்டான்.

உங்கள் ஊரிலேயே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷம் முன்னால் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு பள்ளிக்கூட ஆட்டம். மழை விட்ட நேரம், கோல் போஸ்ட்டுக்கு முன்னால் வட்டமாகச் சேறு. கடைசி நிமிடத்தில் சாதாரணமாக உருண்டு வந்த பந்து கோலியின் கைக்கு அடியில் நழுவி உள்ளே போய்விட்டது. பையன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். அவர்களுடைய பி.டி. மாஸ்டர் முதலில் அவனிடம் போனார். தன் கைக்குட்டையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தார். பெற்றோர்கள் கூடியதும் சொன்னார்: "அந்தப் பக்கம் சேறுன்னு எனக்குத் தெரியும். டாஸ் ஜெயிச்சும் பக்கம் மாத்தாம விட்டது நான். அடுத்த மேட்ச்ல நாம பாத்துக்கலாம்." இரண்டு மூன்று வாக்கியம்தான். ஒருவரும் மறுபேச்சு பேசவில்லை. கூட்டத்தில் யாரோ பையனுக்குச் சோடா வாங்கிவரப் போனார்கள்.

ஐந்து கோல் எப்படி விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் கோட்டோரம் நின்று பார்த்தீர்கள். எத்தனை கோல் இடது பக்கம் வழியாக வந்தன, இரண்டாவது பாதியில் பையன்களுக்கு மூச்சு வாங்கியதா, யாரை எப்போது மாற்றியிருக்கலாம், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் உங்கள் முடிவால் விழுந்த கோல் எது என்று பாருங்கள், ஒன்றாவது இருக்கும். வருகிற ஞாயிறு பயிற்சி முடிந்து பையன்கள் தண்ணீர் குடிக்கப் போனதும் அந்த அப்பாவைத் தேடிப் போய், அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன் என்று அந்தக் கோலிலிருந்தே ஆரம்பியுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து